கோர்ட்டுச் செலவு

கோர்ட்டுக்குப் போனால் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொன்னது கறுப்பு அங்கி தரித்த வக்கீல்கள் நடமாடும் கோர்ட்டைப் பற்றி. வெள்ளைச் சட்டை தரித்தவர்கள் நடமாடும் கோர்ட்டு ஒன்றும் இருக்கிறது. நடுவே வலை கட்டி, இரு புறமும் நின்று பந்தடிக்கும் டென்னிஸ் கோர்ட்டு. அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் குடும்பம் கடனில் மூழ்கும் என்ற பயம் நம் மத்தியதர வகுப்பாரிடம் பரம்பரையாக இருந்து வருகிறது. இந்தப் பயத்தில் எத்தனை பங்கு நியாயம், எத்தனை பங்கு வீண் பிரமை என்று விசாரிக்கும்படியான சந்தர்ப்பம் சமீபத்தில் நமக்கு வாய்த்தது.

நமது நண்பர் ஒருவர் சென்னையில் பள்ளிக்கூட ஆசிரியர். ஒன்பது வயதில் அவருக்கு ஒரு பெண் குழந்தை. தொலைக்காட்சியில் ஒருநாள் டென்னிஸ் பந்தயம் பார்த்தது முதல் அக்குழந்தை, சப்பாத்திப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, கொல்லைப்புறச் சுவரோடு ஓயாமல் யுத்தம் செய்து வருகிறாள். பலகை இரண்டாகப் பிளந்த அன்று நண்பர் நம்மைத் தேடி வந்தார்.

"ஸார், அது பணக்காரர்கள் ஆட்டம் அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். 'அப்படி எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அப்பா?' என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் பத்திரிகைக்காரர், நாலு இடத்தில் விசாரித்து, நம்மைப் போன்றவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா, ஆகாதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்லக் கூடிய விஷயமல்ல அது. ஆகவே, குறிப்புப் புத்தகமும் பென்சிலுமாகச் சென்னை நகரில் ஒரு வாரம் கடை கடையாகவும் களம் களமாகவும் ஏறி இறங்கினோம். கண்டதையும் கேட்டதையும் நேயர்களுக்குச் சமர்ப்பிக்கிறோம்.

பெட்டியில் வந்த ஆட்டம்

நண்பரின் குழந்தை கேட்ட கேள்விக்கு முதலில் விடை காண்போம். எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை என்பது உண்மை. ஆனால் டென்னிஸ் பிறக்கும்போதே விலைச் சீட்டோடு பிறந்த ஆட்டம் என்பதும் உண்மை. சடுகுடு எவராலும் விற்கப்படவில்லை. கிட்டிப்புள்ளுக்கு யாரும் உரிமைப் பத்திரம் வாங்கவில்லை. டென்னிஸ் விஷயம் அப்படியன்று. 1874-ம் ஆண்டில் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்டு என்ற ஆங்கில மேஜர், புல்தரையில் ஆடும் இந்த ஆட்டத்துக்கு அரசாங்கத்தாரிடம் உரிமைப் பத்திரம் பெற்றார். வலை, கம்பங்கள், மட்டைகள், ரப்பர் பந்துகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்து, பெட்டி ஒன்று ஐந்து கினி என்று விற்பனை செய்தார். ஐந்து கினி என்பது ஐந்து பவுனும் ஐந்து ஷில்லிங்கும். அக்காலத்துக் கூலிக்காரன் கனவிலும் காணாத தொகை. பெட்டி வாங்கினால் மட்டும் போதுமா? அதை விரிப்பதற்கு வீட்டின் முன்னால் பரந்த புல்தரை வேண்டும். புல்லை வெட்ட ஆள் வேண்டும். ஆக, மாளிகைவாசிகளுக்கென்றே ஏற்பட்ட ஆட்டம்.

அந்தப் பெட்டி கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தபோது விலை மட்டுமின்றி வேலியும் கூடவே வந்தது. வெள்ளைக்காரர்களின் கிளப்புகள் பலவற்றில் இந்தியர் அங்கத்தினராக முடியாது. ஆனால் இந்தியர் இன்றி அங்கே ஆட்டமும் நடவாது! தரையை உருளை போட்டு உருட்டியவன் இந்தியன். சுண்ணாம்புக் கோடு இட்டவன் இந்தியன். ஓடி ஓடிப் பந்து பொறுக்கிய பையன் இந்தியன். துரைக்கு எதிரில் நின்று பந்தடித்துப் பழக்கிய 'மார்க்கர்' இந்தியன். ஆடுவதற்கு மட்டும் அவனுக்கு யோக்கியதை இல்லை.

அந்த வேலியைத் தாண்டியவர்களின் கதை நாம் பெருமைப்பட வேண்டிய கதை. 1939-ல், சுதந்திரத்துக்கு எட்டு ஆண்டு முன்பே, கௌஸ் முகம்மது விம்பிள்டனில் கால் இறுதி வரை முன்னேறினார். நமது ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் அங்கே இளைஞர் பட்டம் பெற்று, 1960-லும் 1961-லும் அரை இறுதி வரை ஆடினார். அவருடைய குமாரர் ரமேஷ் 1979-ல் அதே இளைஞர் பட்டத்தைக் கைப்பற்றினார். நாகர்கோவிலில் பிறந்த தகப்பனாருக்கும் சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கும் எட்டிய ஆட்டம் நம் ஆசிரியர் வீட்டுக் குழந்தைக்கு எட்டாதா? கிருஷ்ணனுக்குக் குரு அவருடைய தந்தையே. அவரும் தேர்ந்த ஆட்டக்காரர். வீட்டிலேயே குருவும் மட்டையும் இருப்பவர்கள் எத்தனை பேர்? இல்லாதவர்கள் என்ன செய்வது? இதுதான் நம் விசாரணை.

மட்டை என்னும் பூச்சாண்டி

டென்னிஸ் என்றதும் எல்லாரும் முதலில் நினைப்பது 'ராக்கெட்' என்கிற மட்டையை. வானத்தில் பறக்கும் ராக்கெட்டும் இதுவும் ஒரே விலை போலும் என்று பலர் பயப்படுகிறார்கள். கடைக்குள் நுழைந்தால் அந்தப் பயம் பாதி உறுதியாகும். சுவரில் முதல் வரிசையில் தொங்குபவை 15,000 ரூபாய், 20,000 ரூபாய் என்று சிரிக்கின்றன. கடைக்காரர் புன்னகையோடு அவற்றைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார். அங்கிருந்து கண்ணைக் கீழே இறக்க வேண்டும். கீழ் வரிசையில் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய்க்குள் அலுமினிய மட்டைகள் இருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அதற்கு மேல் ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நம் குடும்பங்களில் குழந்தைக்குச் சட்டை தைத்தால் வளர்கிற பிள்ளை என்று இரண்டு அங்குலம் கூட்டித் தைப்பது வழக்கம். மட்டை விஷயத்தில் இந்தச் சிக்கனம் உதவாது. பெரியவர்களின் மட்டை 27 அங்குல நீளம். குழந்தைகளுக்கென்று 19 அங்குலம் முதல் 26 அங்குலம் வரை வயதுக்கும் உயரத்துக்கும் தக்கபடி மட்டைகள் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தையின் கையில் 27 அங்குல மட்டையைக் கொடுத்தால் மணிக்கட்டும் முழங்கையும் நோகும், ஆட்டமும் கெடும். 2,000 ரூபாயில் அளவான மட்டை வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து அதை இன்னொரு குழந்தைக்குக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

மட்டையைப் பற்றிப் பேசும்போது ஒரு பழைய துக்கமும் நினைவுக்கு வருகிறது. மட்டைகளெல்லாம் மரத்தால் ஆனவையாக இருந்த நாளில், உலகச் சந்தையில் நம் நாட்டுத் தச்சனுக்கும் ஓர் இடம் இருந்தது. பஞ்சாபில் சியால்கோட் நகரத்துக் கைவினைஞர்கள் மல்பெரி முதலிய மரங்களைச் சீவி வளைத்துச் செய்த விளையாட்டுச் சாமான்கள் கடல் கடந்து சென்றன. 1947-ல் தேசம் துண்டாடப்பட்டபோது அவர்களில் பலர் வீடு வாசலை இழந்து, உளியை மட்டும் எடுத்துக்கொண்டு ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து சேர்ந்து, தொழிலை மறுபடி நிலைநாட்டினார்கள். 1980-க்குப் பின்னர் மரம் போய்க் கரிநார் வந்தது; பெரிய கம்பெனிகளின் கரிநார் மட்டைகள் பெரும்பாலும் சீன தேசத்தில் தயாராகின்றன. மேல் வரிசை மட்டையின் விலையில் கப்பல் கூலியும் சுங்க வரியும் கம்பெனியின் பெயருக்காக நாம் கொடுக்கும் காணிக்கையும் அடங்கியிருக்கின்றன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

மட்டைக்கு நரம்பு கட்டுவது தனிச் செலவு. பழைய நாளில் ஆடு மாடுகளின் குடலைத் திரித்து அந்த நரம்பைச் செய்தார்கள். ஆசாரம் மிகுந்த அக்கிரகாரத்துப் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தால் டென்னிஸ் நம் தெருவுக்குள் நுழைந்தே இராது! இப்பொழுது பெரும்பாலும் நைலானும் பாலியெஸ்டரும்தான். சாதாரண நரம்பு கட்ட, கூலியும் சேர்த்து 600, 700 ரூபாய் ஆகிறது. வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ, ஆண்டில் அத்தனை தடவை நரம்பு மாற்றுவது என்பது ஆட்டக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. புதிதாகப் பழகும் குழந்தைக்கு அதுவும் அதிகம். ஆண்டுக்கு ஒரு தடவை போதும்.

அழிந்து போகும் பந்து

மட்டை நிலைத்து நிற்கும் பொருள். பந்து அப்படியல்ல, அதற்கு அற்பாயுசு. டென்னிஸ் பந்து என்பது காற்றை அடக்கிய ரப்பர் உருண்டை. மேலே கம்பளியும் நைலானும் கலந்த மெத்தை. 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால், 135-க்குக் குறையாமலும் 147-க்கு மேற்படாமலும் எழும்ப வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. டப்பாவைத் திறந்த நாள் முதல் உள்ளிருக்கும் காற்று மெல்ல மெல்லக் கசியத் தொடங்குகிறது. அடித்தாலும் அடிக்காவிட்டாலும் சில வாரங்களில் பந்து சோர்ந்து போகும். பெரிய பந்தயங்களில் முதலில் ஏழு ஆட்டத்துக்கும், பிறகு ஒவ்வொரு ஒன்பது ஆட்டத்துக்கும் ஒரு தடவை எல்லாப் பந்துகளையும் மாற்றிவிடுகிறார்கள். மூன்று பந்து அடங்கிய டப்பா 400 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை விற்கிறது. கற்பூரம் கொளுத்துவது போன்ற செலவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் டென்னிஸ் மட்டை இல்லாத வீடு லட்சக்கணக்கில் இருக்கலாம். டென்னிஸ் பந்து உருளாத தெரு இருக்காது. சந்து பொந்தெல்லாம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது டென்னிஸ் பந்தில்தான். ஆட்டத்தை வாசலில் நிறுத்திவிட்டுப் பந்தை மட்டும் வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட விசித்திரமான ஜனங்கள் நாம்!

சிக்கனத்துக்கு வழிகள் இல்லாமலில்லை. உள்ளே காற்றழுத்தம் இன்றி, ரப்பரின் கனத்தாலேயே துள்ளும் பந்துகள் உண்டு. அவை சற்று முரட்டுத்தனமானவை, ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும். பெரியவர்கள் ஒரு நாள் ஆடிவிட்டுத் தள்ளிய பந்து, பழகும் குழந்தைக்கு அமிர்தம்.

உடுப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். வெள்ளைச் சட்டை என்பது சில கிளப்புகளின் சம்பிரதாயமே தவிர ஆட்டத்தின் விதியல்ல. துவைத்த எந்தச் சட்டையும் போதும். பாதரட்சையில் மட்டும் சிக்கனம் கூடாது. முன்னும் பின்னும் ஓடும் ஓட்டத்துக்கு ஏற்பட்ட பாதரட்சை வேறு, பக்கவாட்டில் திடீரென்று திரும்பும் டென்னிஸுக்கு ஏற்பட்டது வேறு. மட்டையில் 1,000 ரூபாய் குறைத்துக்கொண்டு பாதரட்சையில் கூட்டிப் போடுவதே புத்திசாலித்தனம்; கணுக்கால் சுளுக்கினால் வைத்தியச் செலவு வேறு.

மூன்று கிரவுண்டு

இதுவரை சொன்ன செலவுகள் எல்லாம் சில்லறை. முக்கியமான விஷயம் காலடியிலே கிடக்கிறது. களத்தின் கோடுகள் 78 அடி நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 36 அடி அகலம். பந்தைத் துரத்தி ஓடுவதற்குப் பின்புறமும் பக்கவாட்டிலும் இடம் விட்டால், 120 அடி நீளமும் 60 அடி அகலமும் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 7,200 சதுர அடி. சென்னையில் மனை வாங்க நினைத்த எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும்: ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆகவே ஒரு டென்னிஸ் களம் மிகச் சரியாக மூன்று கிரவுண்டு! அரைக் கிரவுண்டில் வீடு கட்டுவதற்கு ஆயுள் முழுவதும் கடன் கட்டும் நகரத்தில், மூன்று கிரவுண்டில் இரண்டு பேர் நின்று பந்தடிக்கிறார்கள்.

சடுகுடுவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 13 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தில் பதினான்கு பேர் ஆடுகிறார்கள். ஆளுக்கு ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். டென்னிஸில் நால்வர் ஆடினாலும் ஆளுக்கு 167 சதுர மீட்டர். இருவரே ஆடினால் அதற்கு இரட்டிப்பு. டென்னிஸைப் பணக்காரர் ஆட்டம் ஆக்கியது மட்டையல்ல, பந்தல்ல, நிலம்!

தரை போடுவதில் நம் முன்னோர் ஒரு சுதேசி யுக்தி கண்டிருந்தார்கள். புல்தரைக்குத் தண்ணீர் எங்கே போவது? மண்ணைக் கெட்டித்து, நம் வீட்டு வாசல் போலவே பசுஞ்சாணம் கரைத்து மெழுகிவிட்டார்கள். தென்னாட்டில் இப்படிச் சாணம் மெழுகிய களங்கள் பல இருந்தன. காலுக்கு மிருதுவாகவும் பந்துக்கு நேர்மையாகவும் இருந்தன. இப்பொழுது சிமெண்டின் மேல் வர்ணப் பூச்சு பூசுகிறார்கள், லட்சக்கணக்கில் செலவாகிறது. அந்தச் செலவெல்லாம் வாடகையாக ஆடுகிறவன் தலையில் வந்து விடிகிறது. நாம் விசாரித்த இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாயிலிருந்து 600 ரூபாய் வரை கேட்டார்கள். இரவில் விளக்குப் போட்டால் அதற்குத் தனி. வாரம் மூன்று நாள் குழந்தைகளுக்குப் பயிற்சி, களமும் பந்தும் உட்பட, மாதம் 3,000 ரூபாய் என்பது நாம் கண்ட நடுத்தர விகிதம். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்கும் இடங்களும் உண்டு.

இனிக் கணக்கை மொத்தமாகக் கூட்டுவோம். நண்பரின் குழந்தைக்கு முதல் ஆண்டில், பயிற்சிக் கட்டணம் 36,000 ரூபாய்; பாதரட்சை, வளரும் கால் ஆனபடியால் இரண்டு ஜோடி, 3,000; மட்டை 2,000; நரம்பு 600; வீட்டில் பழக ஆறு டப்பாப் பந்து 2,700; போக வரப் பஸ், ஆட்டோ வகையில் மாதம் 500 வீதம் 6,000. ஆக மொத்தம் 50,300 ரூபாய்.

இந்தத் தொகையில் மட்டையின் பங்கு என்ன? 100-க்கு நான்குதான்! பயிற்சியும் களமும் சேர்ந்து 100-க்கு 71-க்கு மேல் விழுங்கிவிடுகின்றன. நம் ஜனங்கள் பூச்சாண்டியைத் தவறான இடத்தில் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இதைவிட மலிவான மார்க்கம் உண்டு. நண்பர்கள் நால்வர் சேர்ந்து, மணிக்கு 300 ரூபாய்க் களத்தை வாரம் இருமுறை எடுத்தால், ஆளுக்கு ஒரு வேளைக்கு 75 ரூபாய், மாதம் 600, ஆண்டுக்கு 7,200. பந்துச் செலவை நால்வரும் பகிர்ந்தால் ஆளுக்கு 1,350. மட்டை 3,000, பாதரட்சை 2,500, நரம்பு 700. மொத்தம் 14,750 ரூபாய். தினம் இரண்டு வேளை ஹோட்டல் காப்பிக்கு ஆகிற செலவுதான். காப்பி தேகத்துக்குச் செய்வது என்ன, டென்னிஸ் செய்வது என்ன என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது ஏணி

இவ்வளவும் விளையாட்டுக்காக விளையாடுகிறவர்களின் கணக்கு. பட்டத்துக்காக ஆடத் துணிந்தவர்களுடைய ஏணியே வேறு. ஊர் ஊராக, பிறகு தேசம் தேசமாகப் பந்தயத்துக்குப் போக வேண்டும். ரயில், விமானம், தங்கும் அறை, கூட வரும் பயிற்சியாளரின் சம்பளம் எல்லாம் தன் செலவு. பந்தயத்தில் முதல் சுற்றிலேயே தோற்றால் கிடைப்பது சொற்பம், போக்குவரத்துக்கே காணாது.

2023-ம் ஆண்டில் இந்தியாவின் ஒற்றையர் ஆட்டக்காரர்களில் முதல்வராக இருந்தவர் சுமித் நாகல். தம் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே மிஞ்சியிருப்பதாக அவ்வாண்டு அவர் பகிரங்கமாகச் சொன்னார். நம் நாணயத்தில் ஏறக்குறைய 80,000 ரூபாய். ஒரே ஒரு பயிற்சியாளரோடு ஓராண்டு ஆடித் திரிவதற்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை ஆகிறது என்றும் சொன்னார். தேசத்தின் முதல் ஆட்டக்காரர் கதி இது! சில மாதங்களுக்குள், 2024 ஜனவரியில், அதே நாகல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் தர வரிசை பெற்ற பூப்லிக்கை முதல் சுற்றில் வீழ்த்தினார். 1989-ல் ரமேஷ் கிருஷ்ணன் விலாண்டரை வென்ற பிறகு, பெரும் பந்தயம் ஒன்றின் ஒற்றையர் ஆட்டத்தில் தர வரிசைக்காரரை இந்தியர் வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த மாதம் நம் சென்னையில் நடந்த பந்தயத்திலும் அவரே பட்டம் பெற்றார். திறமைக்குப் பஞ்சமில்லை, ரயில் சத்தத்துக்குத்தான் பஞ்சம்.

செலவை வேறு யாரேனும் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் ஊரிலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. 1985-ல் அமிர்தராஜ் குடும்பத்தார், ஒரு பிஸ்கோத்துக் கம்பெனியின் உதவியோடு, சென்னையில் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். பொறுக்கியெடுத்த பிள்ளைகளுக்குச் செலவின்றிப் பயிற்சி. கல்கத்தாவிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனாக அங்கு வந்து சேர்ந்த லியாண்டர் பயஸ், 1990-ல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தையும், 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்தையும் வென்றார். டென்னிஸில் இந்தியா பெற்ற ஒலிம்பிக் பதக்கம் இன்றுவரை அது ஒன்றே. கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்காக நாம் கொடுத்த விலைகளில் ரூபாயால் அளக்க முடியாத விலை ஒன்றும் உண்டு. 1974-ல் டேவிஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு இந்தியா தகுதி பெற்றது. எதிரி, நிறவெறி அரசாங்கம் நடத்திய தென்னாப்பிரிக்கா. கறுப்பரை வேலிக்கு வெளியே நிறுத்தும் தேசத்தோடு ஆடமாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. கோப்பை ஆடாமலேயே அவர்களுக்குப் போயிற்று. அன்று வாலிபர்களாயிருந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் கைக்கெட்டிய பெருமையை இழந்தார்கள். கிளப்பு வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிய ஜனங்கள், ஒரு தலைமுறை கழித்து, வேலி போடுகிறவனோடு ஆட மறுத்தார்கள். இதைவிடப் பெரிய வெற்றி எந்தக் கோப்பையில் இருக்கிறது?

நம் வீட்டு வேலிகள்

வெள்ளைக்காரன் போட்ட வேலியைத் தாண்டிவிட்டோம். நிறவெறி வேலியை எதிர்த்தும் நின்றோம். மூன்று கிரவுண்டு வேலி மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. தனி மனிதனால் அதைத் தாண்ட முடியாது. பள்ளிக்கூடமும் நகரசபையும் சர்க்காரும் மனம் வைத்தால் முடியும். அதற்கு மாளிகை கட்ட வேண்டியதில்லை.

சர்வதேச டென்னிஸ் சங்கத்தார், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பந்தயங்களுக்குக் கெட்டிப் பந்து கூடாது என்று 2012 முதல் விதி செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு மெதுவாகத் துள்ளும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிறப் பந்துகள். வயதுக்கு ஏற்ற சிறு களம். சிவப்புப் பந்துக் களம் சுமார் 36 அடி நீளமே. ஒரு முழுக் களத்தின் இடத்தில் இப்படி நான்கு சிறு களங்களை அமைக்கலாம். பதினாறு குழந்தைகள் ஒரே சமயத்தில் ஆடலாம். பள்ளிக்கூட முற்றத்தில் காலைப் பிரார்த்தனைக்கு விட்டிருக்கும் இடமே போதும். இரண்டு கம்பம், ஒரு கயிறு அல்லது பழைய வலை, சுண்ணாம்புக் கோடு, பத்துப் பன்னிரண்டு சிறு மட்டைகள். மட்டை ஒன்று 1,500 ரூபாய் என்றாலும் பன்னிரண்டுக்கு 18,000. பள்ளி ஆண்டு விழாவின் பந்தல் செலவில் இது அடங்கிவிடும். தேகப் பயிற்சி ஆசிரியருக்குச் சில வாரம் பயிற்சி கொடுத்தால் ஆரம்ப பாடங்களை அவரே சொல்லித் தருவார். இப்படி நூறு பள்ளிகளில் செய்தால், சப்பாத்திப் பலகையோடு சுவரை அடித்துக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வெளிச்சத்துக்கு வருவார்கள். அவர்களில் இரண்டாவது ஏணி ஏறத் தகுந்தவர் யார் என்று பிறகு பொறுக்கலாம். விதையே தூவாமல் விளைச்சல் இல்லை என்று புலம்புவதில் என்ன பிரயோஜனம்?

இந்தக் குறிப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர் வீட்டுக்குப் போனோம். 50,300 ரூபாய் என்று கேட்டதும் நண்பர் முகம் வாடிற்று. "இது என்னுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல், ஸார். வேறு பணம் ஏது? குழந்தை இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்ளட்டும்" என்றார்.

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, "போன வருஷம் பெரியவனைக் கிரிக்கெட் வகுப்பில் சேர்த்தோமே, அப்போது யாரையாவது விசாரிக்கச் சொன்னீர்களா? கூட்டிப் பார்த்தீர்களா?" என்று நிதானமாகக் கேட்டார்.

நண்பர் வாய் திறக்கவில்லை. நாமும் குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டோம். மட்டைக்கு இவ்வளவு, பந்துக்கு இவ்வளவு என்று ஒரு வாரம் விசாரித்த நமக்கு, இந்த வேலி மட்டும் கண்ணில் படவே இல்லை.

அன்று மாலையே ஒரு ஏற்பாடு ஆயிற்று. 2,000 ரூபாய்க்கு அளவான மட்டை; முதல் மூன்று மாதம் வகுப்பு இல்லை, கொல்லைப்புறச் சுவரே குரு. சுவரைப் போல் சலிக்காமல் பந்தைத் திருப்பித் தருகிற ஆசானும் இல்லை. அதற்குச் சம்பளமும் இல்லை. அதன் பின்னும் ஆசை நிலைத்திருந்தால் வகுப்பில் சேர்ப்பது. அண்ணனுக்கும் தங்கைக்கும் விளையாட்டுச் செலவைச் சரிபாதியாகப் பங்கிடுவது. நண்பர் தம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரிடம் அந்த இரண்டு கம்பம், ஒரு கயிறு விஷயத்தைப் பிரஸ்தாபிப்பதாகவும் வாக்களித்தார்.

நாம் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது குழந்தை ஓடி வந்து, "மாமா, கடைசியில் கட்டுப்படியாகுமா, ஆகாதா?" என்று கேட்டாள்.

"உன் வரையில் ஆகும், அம்மா" என்றோம். உன்னைப் போன்ற மற்றக் குழந்தைகள் வரையில் என்ன என்பதற்கு நம் பள்ளிக்கூடங்களும் நகரசபைகளும்தான் பதில் சொல்ல வேண்டும்.